தெமெங்கோர் ஏரியில் ஒரு விரால் பஞ்சாயத்து

சேலத்தில் யாரிடமாவது "மீன் பிடிக்கப் போயிருந்தேன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "எத்தனை கிலோ?" என்பதுதான். "பிடிச்சதை எல்லாம் தண்ணியிலயே விட்டுட்டேன்" என்றால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மலேசியக் காட்டில் இருக்கும் தெமெங்கோர் ஏரிக்குப் போகிறோம், படகு வாடகை கொடுத்து மீன் பிடித்து விட்டுவிட்டு வரப்போகிறோம் என்று வீட்டில் சொன்னபோது என் பெரியம்மா வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "சூரமங்கலம் மார்க்கெட்டுல உசுரோட விரால் விக்கிறான். ரெண்டு வாங்கி மூக்கனேரியில விட்டுட்டு வா. செலவும் மிச்சம், புண்ணியமும் சேரும்."

பெரியம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. நானும் முயலவில்லை. ஆனால் பிடித்த மீனை எதற்காக விடுகிறோம், யாருக்காக விடுகிறோம் என்ற கேள்வி அங்கே போன பிறகு வேறு உருவத்தில் வந்து எங்கள் படகிலேயே உட்கார்ந்துகொண்டது.

எங்கள் கூட்டம் சின்னக் கூட்டம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர், கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன், என் மாமா பையன், நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூலாம்பட்டி, விட்டால் பண்ணவாடி. எல்லோரும் மூங்கில் கொம்பு, தக்கை, மண்புழு என்று தொடங்கியவர்கள்தான். யூடியூப் புண்ணியத்தில் ராடு, ரீல், லூர் என்கிற போலி இரை என்று ஏறிவிட்டோம். இதில் பட்டறை அண்ணன் தனி ரகம். நாள் முழுக்க வெள்ளிக் கம்பியோடு மல்லுக்கட்டும் விரல்கள். தூண்டில் நரம்பில் அவர் போடும் முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. பேச்சிலும் அப்படியே, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

பூலாம்பட்டி தெரியாதவர்களுக்கு: மேட்டூருக்குக் கீழே கதவணை கட்டித் தேக்கிய காவிரி. இந்தக் கரை சேலம் மாவட்டம், எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவில் விசைப்படகு ஓடும். 'குட்டி கேரளா' என்று பெயர் வைத்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க வருகிறவர்களே அதிகம். தூண்டிலில் மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன், 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று காவிரியே தன் பாட்டன் சொத்து என்பது போலத் திரிகிறது. அதைப் பிடித்தால் நாங்கள் விடுவதில்லை. மிளகாய்த்தூள், உப்பு, கரையோரம் ஒரு வாணலி, அவ்வளவுதான்.

ஆனால் மனசு முழுக்க விரால் மேல்தான். ஆகாயத்தாமரை ஓரத்தில், கோரைப்புல் இடுக்கில் படுத்திருக்கும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வைத்துக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடித்தே ஆகவேண்டும். மார்க்கெட்டில் அகலமான தொட்டியில் ஒரு சாண் தண்ணீரில் உயிரோடு கிடக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். தூண்டில்காரனுக்கு அதைக் காட்டிக்கொடுப்பதும் இதுதான். மேலே வந்து 'களுக்' என்று ஒரு வாய் காற்று எடுக்கும். அந்த இடத்துக்கு இரண்டு முழம் முன்னால் ரப்பர் தவளையை விட்டெறிந்து தத்தித் தத்தி இழுத்தால், சில சமயம் தண்ணீர் வெடிக்கும்.

இந்த விரால் அப்படியே மலேசியாவிலும் உண்டு. அங்கே ஹருவான் என்கிறார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆறுவதற்கு ஹருவான் சூப் வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். அதே குடும்பத்தில் பெரியண்ணன் ஒன்று உண்டு, பெயர் தோமான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், 20 கிலோ வரை போகும். வாய் முழுக்கக் கோரைப் பல். கேரளத்து ஆறுகளிலும் இதே சாயலில் ஒரு மீன் உண்டு. பிரான்சிஸ் டே 1865லேயே அதைத் தனி இனம் என்று எழுதியும், பின்னால் இரண்டும் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள். 2011ல் மரபணுவைப் பார்த்த பிறகுதான் மலபார் மீன் வேறு, மலேசிய மீன் வேறு என்று முடிவானது. 146 வருஷப் பஞ்சாயத்து. எங்கள் பஞ்சாயத்து அவ்வளவு நீளம் இல்லை.

சரி, பயணம். சேலத்துக்காரனுக்குக் கோலாலம்பூர் போக வசதியான வழி நாமக்கல் வழியாகத் திருச்சி போய் விமானம் ஏறுவது. ராடுகளைப் பிளாஸ்டிக் குழாயில் போட்டு, முள்ளெல்லாம் பெட்டியில் கீழே அனுப்பியாயிற்று. கையில் இருந்தது தட்டுவடைப் பொட்டலம். அதற்கே விசாரணை நடந்தது. அங்கிருந்து வடக்கே ஈப்போ, அதையும் தாண்டி கெரிக். எங்களுக்கு வாய்த்த டிரைவர் அண்ணன் ஈப்போத் தமிழர். தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவராம். "ஊர்க்காரவங்க லா நீங்க" என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே உறவு கொண்டாடிவிட்டார். கடைசிவரை எங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர்தான்.

கெரிக்கைத் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் நுழைகிறது. கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை, 1982ல் திறந்தது. வளைவுக்கு வளைவு 'யானை கடக்கும் இடம்' என்று மஞ்சள் போர்டு. ரோட்டுக்கு வடக்கே ராயல் பெலும், 2007ல் மாநிலப் பூங்காவாக அறிவித்த காடு, 1,17,500 ஹெக்டேர். தெற்கே தெமெங்கோர் காப்புக்காடு. பெயர்தான் காப்புக்காடு, அங்கே மரம் வெட்டுவதும் நடக்கிறது. எதிரே வந்த லாரிகளில் கிடந்த மரங்களைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். மலேசியாவில் இருக்கும் பத்து வகை இருவாச்சிகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. ஏற்காட்டில் வளர்ந்த என் மாமா பையன் காட்டைப் பார்த்து லேசில் அசருகிறவன் இல்லை. ஆனால் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலும் காப்பித் தோட்டமும் கண்ணுக்குப் பழகிய எங்களுக்கு, மரத்தின் மேல் மரம், அதற்கு மேல் கொடி, கொடிக்கு மேல் இன்னொரு மரம் என்று நின்ற அந்தக் காடு கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்தது. வெயில் தரையில் விழுவதே இல்லை. அட்டை மட்டும் தாராளமாக விழுகிறது.

தெமெங்கோர் இயற்கையான ஏரி இல்லை. 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதில் மூழ்கிய பள்ளத்தாக்கு. அங்கே காலம் காலமாக வாழ்ந்த ஒராங் அஸ்லி பழங்குடி மக்களில் பலரை மேட்டுக்கு மாற்றிக் குடியேற்றியிருக்கிறார்கள். முழுகிய காட்டின் மரங்கள் பட்டுப்போய், வெளுத்த கொம்புகளாகத் தண்ணீருக்கு மேலே இன்னும் நிற்கின்றன. படகு அவற்றுக்கு நடுவில் புகுந்து போகும்போது எனக்குப் பண்ணவாடி ஞாபகம்தான் வந்தது. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அங்கே இருக்கிறதே: தண்ணீர் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். நாளிதழ்களில் படம் வரும், கூட்டம் போகும், தண்ணீர் ஏறும், மறந்துவிடுவோம். ஓர் அணை கட்டினால் மேலே தெரியும் கணக்கு வேறு, கீழே போகும் கணக்கு வேறு. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வழியும் அணைகளால்தான் அடைபட்டது. ஆனால் மீன் பிடிக்கிறவனுக்கு இப்படி முழுகிய இடங்களே சொர்க்கம். கட்டையும் வேரும் இருக்கிற இடத்தில்தான் பெரிய மீன் பதுங்கும். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் உண்மை.

தங்கியது படகு வீட்டில். பெயரைக் கேட்டு ஆலப்புழையைக் கற்பனை செய்யவேண்டாம். இரண்டு மாடித் தகரக் கொட்டகையை மிதவை மேல் ஏற்றியது போல இருக்கும். மீன் பிடிக்கக் காலையிலும் சாயங்காலமும் சின்னப் படகில் போகவேண்டும். படகோட்டி ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி நாங்களும் அவரை 'பாக்சிக்' என்றோம். நம்ம ஊரில் பெரியவரைச் சித்தப்பா, மாமா என்பது போல. மத்தியானம் தவறாமல் மழை. அந்த நேரத்தில் மளிகைக்கடை நண்பர் தட்டுவடையில் காரச் சட்னி தடவி, கேரட் துருவிப் போட்டு 'செட்' செய்து கொடுப்பார். பாக்சிக் அதை ரசித்துச் சாப்பிட்ட அழகைப் பார்த்தால் பொன்னம்மாப்பேட்டையில் ஒரு கடை போட்டுக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

முதலில் மாட்டியது செபாராவ். கெண்டைச் சாதிதான், ஆனால் மற்ற மீனைத் துரத்தித் தின்னும் கெண்டை. உடம்பின் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை. ஓடை வந்து ஏரியில் சேரும் வாயில் கூட்டமாக வேட்டையாடும். ஸ்பூன் மாதிரிப் பளபளக்கும் லூரைப் போட்டால் அடிக்கிற அடியில் ரீல் கத்தும். என் மாமா பையன் தன் முதல் செபாராவைப் பிடித்தபோது போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் குரங்குகள் பதில் சொன்னது. போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிட்டோம். எங்கள் படகில் முள்ளில் பின்னோக்கி நீட்டும் சின்னக் கொக்கியை எல்லாம் குறடால் நசுக்கி வைத்திருந்தார் பாக்சிக். வாயைக் கிழிக்காமல் முள் கழன்றுவிடும்.

அப்புறம் வந்தது அந்தச் சாயங்காலம்.

மழை விட்டிருந்தது. பட்ட மரங்களுக்கு நடுவே ஒரு குடா. தண்ணீரின் மேல் வட்டமாக ஓரிடம் மட்டும் கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்டது மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. நம்ம ஊர் ஏரியில் வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. குஞ்சுக் கூட்டம். நூற்றுக்கணக்கில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு ஒன்றாக இறங்கும். விராலும் இப்படித்தான்: செக்கச் செவேல் என்று குஞ்சுகள், அடியில் தாயும் தகப்பனும் காவல். வாரக்கணக்கில் காவல் காக்கும். அந்த நேரத்தில் அதற்குப் பசி இருக்கிறதோ இல்லையோ, குஞ்சுக் கூட்டத்தின் மேல் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனால்தான் எடப்பாடிப் பக்கம் பையன்கள் 'குஞ்சு விரால்' என்றால் தவளையோடு ஓடுவார்கள். மாட்டுவது உறுதி என்று தெரிந்த ஒரே சந்தர்ப்பம்.

பட்டறை அண்ணன் பாப்பர் என்ற லூரை மாட்டிக்கொண்டு எழுந்தார். பாக்சிக் துடுப்பைக் குறுக்கே வைத்தார். பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னவாம் இவருக்கு?"

டிரைவர் அண்ணன் கேட்டுச் சொன்னார்: "குஞ்சு மேல போடக் கூடாதாம் லா. தாயைத் தூக்கிட்டா செபாராவ் வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடும்ங்கறாரு."

"நாமதான் விடப் போறோமே? தின்னவா போறோம்? போட்டோ எடுத்துட்டு ரெண்டு நிமிஷத்துல விட்டுடலாம்னு சொல்லுங்க."

"அந்த ரெண்டு நிமிஷம் போதுமாம் செபாராவுக்கு."

அண்ணன் விடவில்லை. இத்தனை தூரம் வந்தது எதற்கு, கொடுத்த காசு எதற்கு, சட்டம் இருக்கிறதா, இருந்தால் காட்டச் சொல்லு. பாக்சிக் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். டிரைவர் அண்ணன் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் யோசித்தார். "சட்டம் கிட்டம் எல்லாம் தெரியாதாம். அடுத்த வருஷம் நீங்க வந்தா உங்களை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேக்கறாரு."

எனக்குப் பிடித்தது அந்தப் பதில்தான். அதில் கருணையும் இல்லை, இயற்கையைக் காப்போம் என்ற போஸ்டரும் இல்லை. மீன் இருந்தால் படகு ஓடும், படகு ஓடினால் சோறு. கணக்கு அவ்வளவு சுத்தம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் வேறொரு படகு அதே குடாவுக்குள் போனது. இரண்டாவது எறியிலேயே சத்தம் கேட்டது. பெரிய தோமான். கறுப்பும் வயலெட்டும் கலந்த பளபளப்பு, தொடை தண்டிக்கு உடம்பு. படகில் போட்டு, தூக்கி, மடியில் வைத்து, ஆளுக்கு ஆள் போட்டோ. கடைசியில் விட்டார்கள், உண்மைதான். காற்றுக் குடிக்கிற மீன், பிழைத்திருக்கும். கூட்டத்திடம் திரும்பிப் போயிற்றா, போனபோது கூட்டம் இருந்ததா என்று யார் கண்டது?

பட்டறை அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பாத்தியா? நாம விட்டோம், அவன் எடுத்துட்டான். நமக்கு என்ன லாபம், மீனுக்கு என்ன லாபம்?"

அன்று ராத்திரி முழுக்க இதே பேச்சு. அவர் வாதம் லேசானது இல்லை. நம்ம ஊர் ஏரி, குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பாசி குத்தகை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுவார். அவருக்கு விரால் எதிரி, ஏனென்றால் குஞ்சைத் தின்னும். தண்ணீர் வற்றும்போது அடிமண் வரை அரித்து எடுப்பார்கள். அந்த ஏரியில் நான் ஒரு தாய் விராலை விட்டுவிட்டு வருவதால் அதற்குக் கூடுதலாக இரண்டு மாசம் ஆயுள், அவ்வளவுதானே? விடுகிறவன் ஏமாளி, எடுக்கிறவன் கெட்டிக்காரன். இதில் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஏரியை விட்டு ஓர் ஓடை வழியே மேலே நடந்தோம். அங்கே தூண்டில் போட அனுமதி இல்லை. பார்க்க மட்டும்தான். முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் தெரியும் தண்ணீர். அதில் கெலா. பெரிய கெண்டைச் சாதியான நம்ம மாசீர் மீனின் சொந்தக்காரன். காட்டத்திப் பழம் விழும் இடமாகப் பார்த்து நிற்கிறது; பழம் விழுந்த சத்தத்துக்கு ஐந்தாறு சேர்ந்து திரும்புகிறது. அனுமதி உள்ள ஆறுகளில் இதற்கு எண்ணெய்ப்பனைப் பழத்தை இரையாக மாட்டுவார்களாம். காவிரியில் மாசீருக்கு ராகிக் களி உருண்டை. இரையிலேயே ஊர் தெரிந்துவிடுகிறது.

அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் காவிரி மாசீரின் கதையை அண்ணனிடம் சொன்னேன். இந்தத் தூண்டில் விளையாட்டில் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது நம்ம காவிரிதான். 1946ல் டி வெட் வான் இங்கென் என்ற தூண்டில்காரர் மைசூர்ப் பக்கம் பிடித்த மாசீர் 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ. முதுகு திமில் போல மேடிட்டு, ஆரஞ்சுத் துடுப்போடு இருக்கும் அந்த மாசீர் உலகத்தில் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும்தான் உண்டு. பின்னாளில் ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடக எல்லைக்குள் கலிபோரே போன்ற இடங்களில் முகாம் போட்டு, பிடித்து விடும் முறையில் வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் மீன் பிடித்தார்கள். அவர்கள் மாசீருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. காவல் போட்டார்கள், வெடி வைக்கிறவர்களைத் துரத்தினார்கள். மீன் பெருகட்டும் என்று குஞ்சுகளும் விடப்பட்டன. அங்கேதான் சிக்கல். லோனாவாலாப் பொரிப்பகத்திலிருந்து வந்தது வேறு இனம், நீலத் துடுப்பு மாசீர். அது பெருகியது. திமில் மாசீர் அருகியது.

இது தெரியவந்ததும் அந்தத் தூண்டில்காரர்களால்தான். 1998 முதல் 2012 வரை யார் என்ன மீன் பிடித்து விட்டார்கள் என்று கலிபோரேயில் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கூட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் ஒன்று ஏறுவதும் இன்னொன்று இறங்குவதும் கண்ணில் பட்டது. இத்தனை பேர் போற்றிய மீனுக்கு 2018ல்தான் சரியான அறிவியல் பெயர் உறுதியானது: டோர் ரெமாதேவியே. அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது.

அண்ணன் கேட்டுவிட்டு, "அப்ப விட்டும் பிரயோஜனம் இல்லைங்கற" என்றார்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. மீனை விடுவது ஒரு தனி ஆள் செய்யும் புண்ணியம் என்று நினைத்தால் பெரியம்மா சொன்னதுதான் சரி. மார்க்கெட்டில் வாங்கி ஏரியில் விடலாம். ஒரு தண்ணீரைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் கூடிப் பேசி, எதை எடுப்பது, எதை எப்போது எடுக்கக் கூடாது, என்ன குஞ்சை விடுவது, யார் கணக்கு எழுதுவது என்று முடிவு செய்தால்தான் விட்ட மீனுக்கு அர்த்தம். பாக்சிக் துடுப்பைக் குறுக்கே வைத்தது அவருடைய பங்கு. அடுத்த படகுக்காரரும் வைத்திருந்தால் அந்தக் குஞ்சுகளுக்கு ஒரு வழி பிறந்திருக்கும். அவர் வைக்கவில்லை என்பதால் பாக்சிக் செய்தது வீண் என்று ஆகுமா? அதை ஏற்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணனுக்கு வந்தது.

தோமான் எனக்கு மாட்டவே இல்லை. மளிகைக்கடை நண்பருக்கு ஒன்று, குஞ்சு இல்லாத இடத்தில், தனியாக வந்து காற்றுக் குடித்ததைப் பார்த்து எறிந்ததில் மாட்டியது. நரம்பை ஒரு கட்டையில் சுற்றிவிட்டு நின்ற மீனைப் பாக்சிக் படகைத் திருப்பித் திருப்பி வெளியே கொண்டுவந்தார். பெரிய சைஸ் இல்லை. இருந்தாலும் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்ததும் நண்பர் முள்ளைக் கழற்றும் வேலையைப் பாக்சிக்கிடமே ஒப்படைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு பேசிக்கொண்டோம். ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். விரால் சாப்பாட்டுக்கு ஒன்று போதும். குஞ்சோடு இருப்பதைத் தொடுவதில்லை. பூலாம்பட்டிக் கரையில் தூண்டில் போடும் பையன்களிடமும் சொன்னேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவன், "ண்ணா, நீங்க காரு வெச்சிருக்கீங்க, மலேசியா போறீங்க, விடலாம். எங்கம்மா குழம்புக்கு மசாலா அரைச்சு வெச்சிருக்கும்" என்றான். அவனிடம் வாதாட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவன் எடுக்கும் ஒரு விராலால் காவிரி வற்றிப்போகாது. கரண்ட் வைத்தும் தோட்டா போட்டும் பிடிக்கிறவர்களை விட்டுவிட்டு இவனிடம் நியாயம் பேசுவது எனக்கே சரியாகப் படவில்லை.

பட்டறை அண்ணன் மூன்று விதியில் இரண்டுக்குத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார். குஞ்சு விரால் விஷயத்தில் இன்னும் பிடிவாதம். ஆடியில் தண்ணீர் கூடியதும் பூலாம்பட்டி போவதாகத் திட்டம். புதுசாக ஜம்ப் ஃப்ராக் என்று ஒரு தவளை லூர் வாங்கி வைத்திருக்கிறாராம், மாமா பையன் சொன்னான். நான் படகுக்குச் சொல்லும்போது துடுப்பு என் பக்கம் இருக்கிற மாதிரி உட்காரவேண்டும்.